பிஸ்கட் பாக்கெட்டில் லிக்விட் குளுக்கோஸ்: அந்த அமெரிக்க மக்காச்சோளப் பாகு இதுதானா?

காவேரிப்பட்டணம் அம்மா:
மகன் படிக்கும் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. 'அமெரிக்க மரபணு மாற்ற மக்காச்சோளத்தில் எடுத்த பாகை நம் பிள்ளைகள் தின்னும் பிஸ்கட்டில் கலக்கிறார்கள், ஐரோப்பாவில் இதற்குத் தடை, பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்று. நான் யாருக்கும் அனுப்பவில்லை, ஆனால் பயம் போகவில்லை. வீட்டில் இருந்த பாக்கெட்டுகளை எல்லாம் திருப்பிப் பார்த்தேன். கிரீம் பிஸ்கட்டில் இன்வெர்ட் சிரப். ஆரஞ்சு மிட்டாயில் லிக்விட் குளுக்கோஸ். பாலில் கலக்கும் பவுடர் டப்பாவில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின். மாம்பழ ஜூஸில் தண்ணீர், சர்க்கரை, மாங்கூழ். மக்காச்சோளம் என்ற பேச்சே எதிலும் இல்லை. இதில் எது அது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யூடியூப் லிங்க் மட்டும் போட வேண்டாம், புண்ணியமாகப் போகும்.

ஓசூர் லேப்காரன்:
அக்கா, நீங்கள் சொன்ன எதுவுமே அது இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இன்வெர்ட் சிரப்புக்கும் மக்காச்சோளத்துக்கும் சம்பந்தமே இல்லை. கரும்புச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் அமிலம் விட்டுக் காய்ச்சினால் சர்க்கரை இரண்டாக உடையும், பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். பிஸ்கட் நன்றாகச் சிவந்து வருவதற்கு இதைச் சேர்ப்பார்கள். லிக்விட் குளுக்கோஸ் என்பது மாவுச்சத்தை நொதி போட்டு உடைத்த கெட்டிப் பாகு. மாவுச்சத்து மக்காச்சோளத்தினுடையதாகவும் இருக்கலாம், மரவள்ளியினுடையதாகவும் இருக்கலாம். மிட்டாயில் சர்க்கரை திரும்பவும் கட்டிப் படிகமாகிவிடாமல் இது பார்த்துக்கொள்ளும். கடலை மிட்டாய் போடுகிறவர்கள்கூட இப்போது வெல்லப் பாகோடு இதை ஊற்றுகிறார்கள். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் அதே மாவுச்சத்துதான், பாதியில் நிறுத்தியது.

அமெரிக்காக்காரர்கள் பேசுகிற பாகு, அதாவது ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப், இதற்கும் அடுத்த படி. குளுக்கோஸ் பாகில் இன்னொரு நொதியைச் செலுத்தினால் 42 சதவீதம் வரை ஃப்ரக்டோஸாக மாறும். அதை இன்னும் செறிவாக்கிக் கலந்து 55 சதவீதத்துக்குக் கொண்டு வந்தால் குளிர்பானத்துக்குப் போகும் ரகம். நம் கரும்புச் சர்க்கரையே பாதிக்குப் பாதி ஃப்ரக்டோஸ் என்னும்போது, உடம்புக்குள் போன பிறகு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எவ்வளவு போகிறது என்பதுதான் கணக்கு. இப்படிச் சேர்க்கும் இனிப்பு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. பெரியவர்களுக்கான கணக்கு இது, பிள்ளைகளுக்கு இன்னும் குறையும்.

ஐரோப்பாவில் தடை என்பதும் பொய். சர்க்கரைத் தொழிலைக் காப்பாற்ற உற்பத்திக்கு ஒரு அளவு வைத்திருந்தார்கள், 2017-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். அப்புறம், இந்தியாவில் மரபணு மாற்ற மக்காச்சோளத்தை வியாபாரத்துக்குப் பயிரிட இதுவரை அனுமதியே இல்லை.

மொரப்பூர் ரயில்:
அப்போ எல்லாம் சுத்தம், கம்பெனிக்காரன் நல்லவன். இழையைப் பூட்டிவிடலாமா?

ஓசூர் லேப்காரன்:
அப்படி எங்கே சொன்னேன்? கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

பழைய சேகோ மேஸ்திரி:
மக்காச்சோளம் நம் ஊருக்கு வரவில்லை என்று யார் சொன்னது? வேறு வாசல் வழியாக எப்போதோ வந்துவிட்டது. பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஜவ்வரிசி ஆலையில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லாரியில் வாசலுக்கு வந்ததும் முதல் வேலை பாயிண்ட் பார்ப்பது. கொஞ்சம் கிழங்கை எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தி எடை போடுவார்கள். மாவுச்சத்து ஏற ஏறத் தண்ணீருக்குள் எடை கூடுதலாகக் காட்டும். அந்தப் பாயிண்ட்டுக்குத்தான் விலை. தராசு ஆலைக்காரருடையது, பார்ப்பவர் ஆலை ஆள், விவசாயி பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பார். மழை பெய்த மறுவாரம் என்றால் பாயிண்ட் இறங்கும், அதற்கு ஒன்றும் சொல்ல முடியாது. மழையே இல்லாத மாசத்திலும் இறங்கும், அதற்கும் ஒன்றும் சொல்ல முடியாது.

கிழங்கு விலை ஏறினால் சில பேர் மக்காச்சோள மாவை மூட்டையாக இறக்கி மரவள்ளி மாவோடு கலந்து ஜவ்வரிசி உருட்டிவிடுவார்கள். மக்காச்சோள மாவு மலிவு. நாளெல்லாம் ஜவ்வரிசியிலேயே கிடக்கிறவனுக்கும் உருண்டையைப் பார்த்துச் சொல்ல வராது. விவசாயச் சங்கங்கள் பல வருஷமாகக் கத்துகிற விஷயம் இது. உணவுப் பாதுகாப்புத் துறை அவ்வப்போது போய் மூட்டைகளைப் பிடிப்பதும் பேப்பரில் வரும். சேலத்தில் சேகோசர்வ் என்ற ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவுச் சங்கம் 1981-ல் தொடங்கியது, வியாபாரியிடம் சின்ன ஆலைகள் சிக்காமல் இருக்கத்தான். கலப்பட மாவு வந்த பிறகு, ஒழுங்காக ஓட்டுகிற ஆலைக்காரர் அதே விலைக்கு எப்படி விற்பார்? அவர் நஷ்டத்தைக் கிழங்கு போட்டவன் தலையில்தான் கட்டுவார். அமெரிக்காவைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பாயசத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரூர் மானாவாரி:
மேஸ்திரி அண்ணன் சொல்வது கரெக்ட். ஆனால் அந்த மக்காச்சோளத்தை விளைய வைக்கிற பாவி நான்தான், என் பக்கமும் கேளுங்கள்.

முதலில் ஒன்று. கடையில் வாங்குகிற கம்பெனி விதை எல்லாம் மரபணு மாற்றம் என்று ஊரிலேயே பாதிப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. அது வீரிய ஒட்டு விதை. வருஷா வருஷம் புதிதாக வாங்க வேண்டும், எடுத்து வைத்துப் போட்டால் விளைச்சல் படுத்துவிடும், அவ்வளவுதான். மரபணு மாற்ற விதை வேறு.

2018-ல் படைப்புழு கர்நாடகத்தில் வந்து இறங்கியது. அந்தப் பட்டத்திலேயே இங்கேயும் வந்துவிட்டது. பயிர் முழங்கால் உயரம் இருக்கும்போது குருத்தை விரித்துப் பார்த்தால் ஈர மரத்தூள் கொட்டியது மாதிரி எச்சம் அடைத்துக் கிடக்கும், அதற்கு அடியில் புழு. தலையில் தலைகீழாக 'ஒய்' எழுத்து. மருந்தைக் குருத்துக்குள்ளே விழுகிற மாதிரி, விடியற்காலையோ சாயங்காலமோ அடிக்க வேண்டும். கைத்தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு குருத்தாக ஏக்கர் கணக்கில் அடித்துப் பார்த்தவர்கள் மரபணு மாற்றம் பற்றிப் பேசட்டும். அமெரிக்காவில் இந்தப் புழுவைத் தாங்குகிற விதை இருக்கிறது. கொடுத்தால் நான் போடுவேன். ஒளிவு மறைவு இல்லை.

ஆனால் அமெரிக்க மக்காச்சோளம் இங்கே கப்பலில் வந்து இறங்கினால் ரோட்டுக்கு வருவேன். 2025 செப்டம்பரில் அவர்கள் வர்த்தக மந்திரி கேட்டார் இல்லையா, 140 கோடிப் பேர் இருக்கிறோம் என்று பெருமை பேசுகிறவர்கள் எங்கள் மக்காச்சோளத்தில் ஒரு புஷல்கூட (அவர்கள் ஊர் தானிய அளவை) ஏன் வாங்குவதில்லை என்று. எங்கள் சரக்கு கோழித் தீவனத்துக்கு நாமக்கல் போகும், மாவு ஆலைக்குப் போகும், இப்போது எத்தனாலுக்கும் போகிறது. எத்தனால் வந்த பிறகு விலை ஏறியது வாஸ்தவம். ஏற்றுமதி செய்த நாடு 2024-ல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்கியது. மறு வருஷமே கர்நாடகத்தில் சந்தை விலை, குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என்ற ஆதரவு விலைக்கு ரொம்பக் கீழே இறங்கி விவசாயிகள் மறியல் செய்தார்கள். இந்த நிலையில் மானியம் வாங்கி விளைந்த சரக்கு வேறு வந்தால் நான் எங்கே போவது?

பென்னாகரம் கேழ்வரகு:
அரூர் தம்பி, விதை வேண்டும், சரக்கு வேண்டாம் என்கிறீர்கள். இரண்டும் ஒரே ஆளிடமிருந்துதான் வருகின்றன.

பருத்தியில் நடந்ததை நம் மாவட்டங்கள் மறந்துவிட்டனவா? ஊத்தங்கரை, அரூர் பக்கம் பருத்தி போட்டவர்களுக்குத் தெரியும். 2002-ல் பி.டி. பருத்திக்கு, அதாவது காய்ப்புழுவைத் தாங்கும் மரபணு மாற்றப் பருத்திக்கு, அனுமதி. 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல். அதில் பெரும்பகுதி விதைக்கு இல்லை, உள்ளே இருக்கிற மரபணுவுக்கு. ஆந்திர அரசு வழக்குப் போட்ட பிறகுதான் 2006-ல் 750 ரூபாய்க்கு வந்தது. அப்புறம் 2016-லிருந்து மத்திய அரசே விலையைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தது. இவ்வளவுக்கும் பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. உங்கள் படைப்புழுவும் அப்படித்தான், போர்ட்டோ ரிக்கோவில் அந்த மக்காச்சோளத்துக்கு ஏற்கெனவே பழகிவிட்டது.

இன்னொன்று. மரபணு மாற்ற உணவை நாம் சாப்பிடவே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பருத்திக்கொட்டை எண்ணெய் நாட்டில் எத்தனை பலகாரத்தில் போகிறது? அதில் எந்த லேபிளில் எழுதியிருக்கிறது?

பி.டி. கத்தரிக்காய் விஷயத்தில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமே கம்பெனியோடு சேர்ந்து ரகம் உருவாக்கியது. 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பயிர் ஒப்புதல் குழு அனுமதி கொடுத்தது. அப்போதைய சுற்றுச்சூழல் மந்திரி ஜெய்ராம் ரமேஷ் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கேட்டு, 2010 பிப்ரவரியில் நிறுத்தி வைத்தார். அதுதான் எனக்குப் பிடித்த முறை. விஞ்ஞானம் தப்பு என்பதற்காக அல்ல, கேட்டுவிட்டுச் செய்தார் என்பதற்காக.

அரூர் மானாவாரி:
ஐயா, பருத்தியில் முதல் சில வருஷம் மருந்துச் செலவு மிச்சமானதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பங்களாதேஷில் அந்தக் கத்தரியை 2014-லிருந்து போடுகிறார்கள், யாரும் செத்துப் போகவில்லை. கம்பெனியிடம் மாட்டக்கூடாது என்றால் அரசாங்கப் பல்கலைக்கழகமே செய்து கொடுக்கட்டும். வேண்டவே வேண்டாம் என்பது மருந்து அடிக்காதவர்கள் பேச்சு.

பென்னாகரம் கேழ்வரகு:
நானும் அடித்தவன்தான் தம்பி. அதனால்தான் கேழ்வரகுக்குத் திரும்பினேன்.

கிருஷ்ணகிரி பழையபேட்டை:
இரண்டு பேரும் கொஞ்சம் இருங்கள். அக்கா கேட்டது பாகைப் பற்றி. அந்தப் பாகு அமெரிக்காவில் எப்படி வந்தது என்று பார்த்தால்தான் இங்கே ஏன் வரவில்லை என்று புரியும்.

அங்கே மக்காச்சோளத்துக்கு அரசு மானியம். இன்னொரு பக்கம் வெளிநாட்டுச் சர்க்கரை உள்ளே வராமல் 1982-லிருந்து அளவு வைத்து அடைத்தார்கள். சர்க்கரை விலை உலகச் சந்தையைவிட மேலே நின்றது, பாகு மலிவாகத் தெரிந்தது. 1984-ல் கோக், பெப்சி இரண்டும் முழுக்கப் பாகுக்கு மாறின. இதில் வேடிக்கை, சர்க்கரைக்கு அந்த அடைப்பு வேண்டும் என்று வாஷிங்டனில் முழு மூச்சாக வேலை பார்த்தவர்களில் ஏ.டி.எம். என்ற மக்காச்சோளக் கம்பெனியும் ஒன்று. சர்க்கரை விலை ஏறினால்தானே இவன் பாகு ஓடும்! அதே கம்பெனி கோழி, பன்றித் தீவனத்துக்குப் போகும் லைசினிலும் சிட்ரிக் அமிலத்திலும் போட்டிக் கம்பெனிகளோடு கூடிப் பேசி விலை வைத்து மாட்டிக்கொண்டு, 1996-ல் 10 கோடி டாலர் அபராதம் கட்டியது.

இங்கே கதை தலைகீழ். கரும்பு ஆலை முதலாளிகளும் அரசியலும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் இருப்பது கூட்டுறவு ஆலைகள், அவற்றை விடுங்கள், நான் சொல்வது மகாராஷ்டிரத்தையும் உத்தரப் பிரதேசத்தையும். சர்க்கரை இருக்கும்போது மக்காச்சோளப் பாகுக்கு இங்கே என்ன வேலை? ஆகவே நம் பிள்ளைகள் உடம்பில் ஏறுகிற இனிப்பு நம் நாட்டுக் கரும்புதான். பாகைத் தேடுகிற நேரத்தில், சர்க்கரைக்கு யார் சட்டம் எழுதுகிறார்கள் என்று தேடினால் உருப்படியாக இருக்கும்.

சர்க்கரைக்காரர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? 1960-களில் அமெரிக்கச் சர்க்கரை ஆராய்ச்சி அமைப்பு ஹார்வர்டு ஆட்களுக்குப் பணம் கொடுத்து, மாரடைப்புக்குக் கொழுப்புதான் காரணம் என்று 1967-ல் பெரிய மருத்துவ இதழில் கட்டுரை வரவைத்தது. பழைய கடிதங்களை எடுத்து 2016-ல்தான் வெளியே கொண்டு வந்தார்கள். ஐம்பது வருஷம் ஓடிவிட்டது.

நம் ஊர்க் கதை: உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் வந்தது. அறிவியல் குழுக்களில் தனித்து நிற்கும் நிபுணர்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அமைத்த குழுக்களில் குளிர்பானக் கம்பெனி, பிஸ்கட் கம்பெனி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் மாற்றினார்கள். பாக்கெட்டின் முன்பக்க எச்சரிக்கையைப் பாருங்கள். சிலி நாட்டில் 2016-லிருந்து சர்க்கரை கூடின பாக்கெட்டின் முகத்தில் கறுப்பு எண்கோணம், கார்ட்டூன் பொம்மைக்குத் தடை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வைத்த வரைவு நட்சத்திர மதிப்பெண். சர்க்கரைக்குக் குறைகிற நட்சத்திரம், கொஞ்சம் நார்ச்சத்தோ கொட்டைப் பருப்போ சேர்த்தால் திரும்ப ஏறும். எண்கோணத்தைக் கம்பெனிகள் ஏன் வெறுக்கின்றன, நட்சத்திரத்தை ஏன் விரும்புகின்றன என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் கெடு கொடுத்தது. கெடு நீண்டதுதான் மிச்சம்.

மொரப்பூர் ரயில்:
நட்சத்திரம் வந்தால் எங்கள் ஊர் முறுக்குக்கு எத்தனை?

பாலக்கோடு மளிகை:
ஒன்றுகூட வராது, ஆனால் விற்கும்.

கடையில் உட்கார்ந்திருக்கிறவன் அனுபவம் சொல்கிறேன். ஓடுவது அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட். அந்த அளவுப் பாக்கெட்டில் பின்னால் இருக்கிற எழுத்தைக் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது, அதுவும் இங்கிலீஷில். இப்போது எல்லாக் கம்பெனியும் 'கேழ்வரகு' என்று முன்னால் கதிர் படம் போட்டு பிஸ்கட் விடுகிறது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பொருள்கள் பட்டியலில் எது எடை அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதலில் மைதா, அடுத்தது சர்க்கரை, அப்புறம் பாமாயில், அதற்குப் பிறகுதான் கேழ்வரகு எட்டிப் பார்க்கிறது. இதே தெருவில் ரேஷன் கடையில் 2023-லிருந்து அரிசிக்குப் பதிலாக ரெண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்கள், நம் தருமபுரி மாவட்டத்துக்கும் நீலகிரிக்கும். அதை வாங்கிக் களி கிண்டச் சோம்பல்பட்டு என் கடையில் படம் போட்ட பாக்கெட் வாங்குகிறார்கள். எனக்கு வியாபாரம், வேண்டாம் என்றா சொல்ல முடியும்?

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
இத்தனை பேர் பேசினீர்கள், அக்கா முதலில் எழுதிய மாம்பழ ஜூஸை ஒருத்தரும் தொடவில்லை. கிருஷ்ணகிரி ஜில்லாவில் இருந்துகொண்டு!

அந்த ஜூஸில் போகிறது நம் பெங்களூரா ரக மாம்பழம். கூழ் ஆலைக்காரர் வாங்கி அரைத்துப் பெரிய கம்பெனிக்கு அனுப்புகிறார். பழ பானம் என்று பெயர் வைக்க உணவு ஆணைய விதிப்படி 10 சதவீதம் பழம் இருந்தால் போதும். மீதி தண்ணீர், சர்க்கரை. டி.வி. விளம்பரத்தில் மாம்பழம் பிழிந்து ஊற்றுகிறது. பாட்டிலில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே சட்டத்துக்குச் சரி.

2025 சீசனில் விலை விழுந்தபோது சித்தூரில் ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தது, ஆலை 8, அரசு 4. வெளி மாநிலப் பழம் உள்ளே வரக்கூடாது என்று தடை வேறு. இங்கே பழத்தைப் பறிக்கிற கூலிக்கே கட்டாமல் மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. சரி, அதே வருஷம் செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. மாற்றினார்கள். சோடா ரகக் குளிர்பானத்துக்கு 40 சதவீதம். பழக்கூழ் பானத்துக்கு 12-லிருந்து 5-ஆகக் குறைத்தார்கள். பழ விவசாயிக்கு நல்லது என்று வரவேற்றார்கள். நானும் நல்லது என்றுதான் சொல்வேன், ஆனால் 10 சதவீதக் கூழுக்கும் அதே 5, 40 சதவீதக் கூழுக்கும் அதே 5. கூழ் 20 சதவீதம் இருந்தால்தான் இந்தச் சலுகை என்று ஒரு வரி சேர்த்திருந்தால்? சர்க்கரை குறையும், பெங்களூரா இரட்டிப்பாக ஓடும். அந்த ஒரு வரியைக் கேட்க நம் பக்கத்திலிருந்து யார் போனார்கள்?

ஓசூர் லேப்காரன்:
கூழ் ஏறினால் பானம் கெட்டியாகும், விலை ஏறும், அஞ்சு பத்து ரூபாய்க்கு விற்க முடியாது என்பார்கள்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
சொல்லட்டும். அதை அவர்கள் சொல்கிற இடத்தில் நாமும் ஒரு நாற்காலியில் இருந்தால் பதில் சொல்லலாம்.

கிருஷ்ணகிரி பழையபேட்டை:
நாற்காலி இல்லை, ஆனால் ஜன்னல் இருக்கிறது. ஆணையம் விதியை மாற்றும் முன் வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்கும், யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் வரைவு இந்தியிலும் இங்கிலீஷிலும் வரும். கம்பெனிக்கு அதைப் படிக்கவே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. நம் விவசாயச் சங்கத்தில் யார் படிப்பது?

அரூர் மானாவாரி:
கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் நான் படைப்புழு நிவாரணத்துக்கு மனு கொடுக்கிறேன், மாங்காய்க்காரர் விலைக்குக் கொடுக்கிறார், குச்சிக்கிழங்குக்காரர் பாயிண்ட்டுக்குக் கொடுக்கிறார். மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வரைவு வந்தால் இங்கே போடுங்கள் அண்ணா, தமிழில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் கையெழுத்து நான் வாங்கித் தருகிறேன். மரபணு விதை சமாச்சாரத்தில் மட்டும் பென்னாகரத்தாரோடு ஒரே தாளில் போட மாட்டேன்.

பென்னாகரம் கேழ்வரகு:
தனித்தாள் போடுவோம்.

காவேரிப்பட்டணம் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. லேப்காரத் தம்பி எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பள்ளிக் குழுவில் போட்டேன், 'கம்பெனியிடம் காசு வாங்கிவிட்டாயா' என்று ஒரு அப்பா கேட்டார். மாம்பழ ஜூஸ் பாட்டிலைத் திரும்பப் பார்த்தேன், கூழ் சதவீதம் சின்ன எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. மேஸ்திரி ஐயாவுக்கு ஒரு கேள்வி: ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு இருக்கிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது? அயோடின் விட்டால் தெரியும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

பழைய சேகோ மேஸ்திரி:
அயோடின் விட்டால் ரெண்டுமே நீலமாகும், ரெண்டும் மாவுச்சத்துதானே. வீட்டில் பார்க்க வழியில்லை அம்மா. நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும்: மரவள்ளித் துகள் உருண்டையாக ஒரு பக்கம் வெட்டினது போல இருக்கும், மக்காச்சோளத்துக்கு மூலை மூலையாக இருக்கும். ஜவ்வரிசியாகிவிட்டால் சூட்டில் கொஞ்சம் சிதைந்திருக்கும், அதற்குப் பழகின கண் வேண்டும். சேலத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. சந்தேகம் என்றால் பாக்கெட்டைப் பிரிக்காமல், பில்லோடு உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள். பில் முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள்.

பாலக்கோடு மளிகை:
என் கடையில் வாங்கியது என்றால் பில் கேட்காமலே தருகிறேன்.